மூன்று சம்மதம்

எனக்கு லேசில் கோபம் வராது. ஆனால் ஆங்கிலத்தில் நான் எதைக் கேட்டாலும் போலீஸ் விசாரணை மாதிரி இருந்ததாம். இதைக் கண்டுபிடித்தவர் ஷீபா மேடம். தாம்பரத்துப் பையன்கள் எல்லாம் கால்சென்டருக்கு ஓடிய காலம் அது. எங்கள் ஆபீஸில் அவர்தான் பேச்சுப் பயிற்சி கொடுத்தார்.

"'டூ யூ நீட் ஹெல்ப்'னு கேக்கறீங்களா, மிரட்டறீங்களா? கஸ்டமர் போனை வெச்சிட்டு ஓடிடுவான்!"

ஆமாம், இல்லை என்று பதில் வரும் கேள்விக்குக் கடைசியில் குரல் ஏற வேண்டும். எங்கே, ஏன் என்று கேட்டால் இறங்க வேண்டும். இறங்குவது எனக்குப் பிறவியிலேயே வரும். ஏறுவதற்குத்தான் ராப்பகலாகப் பயிற்சி. காய்கறிக் கடையில்கூட "கால் கிலோ தக்காளி?" என்று ஏற்றினேன். ("இன்னா சார், என்னாண்ட கேக்குற? வேணுமா வேணாவா?" என்றார் கடைக்காரர்.)

பயிற்சியின் கடைசிப் பரீட்சை திங்கட்கிழமை. அதற்கு முந்தைய சனிக்கிழமை எனக்குக் கல்யாணம். (தேதி குறித்தவர்கள் என்னைக் கேட்கவில்லை.)

பெண், கூடுவாஞ்சேரி ஜெசிந்தா. அவள் அப்பா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். கால்சென்டர் பையன் என்றால் ஆபீஸிலேயே ஒரு காதல் இருக்கும் என்று யாரோ அவர் காதில் ஓதியிருந்தார்கள். அரைமனதாகத்தான் சர்ச்சுக்கு வந்திருந்தார்.

போதகர் கேட்டார்: "ஜெசிந்தாவை உமது மனைவியாக ஏற்றுக்கொள்ள உமக்குச் சம்மதமா?"

"சம்மதம்?" என்றேன்.

குரல் மேலே ஏறி அங்கேயே நின்றுகொண்டது. போதகர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மறுபடியும் கேட்டார். பதற்றத்தில் இந்த முறை இன்னும் உயரத்துக்குப் போனேன்.

"சம்மதம்?"

முன்வரிசையில் மாமனார் எழுந்துவிட்டார். "பாஸ்டர், கொஞ்சம் நிறுத்துங்க. மாப்பிள்ளைக்கே சந்தேகம் போலிருக்கு."

கல்யாணம் நின்றுவிட்டது என்றே நினைத்தேன். அழுகை வந்தது.

தலையில் போட்டிருந்த நெட்டுக்குள்ளிருந்து ஜெசிந்தா பல்லைக் கடித்தாள். "கீழ இறக்குங்க!" போனில் என் பயிற்சியையெல்லாம் சகித்தவள் அவள். சொன்னதோடு விடாமல் ஹீல்ஸால் என் காலை ஒரே மிதி.

"சம்மதம்!" வலியில் குரல் தொப்பென்று விழுந்தது. மாமனார் உட்கார்ந்தார். அவள் சொன்ன சம்மதம் ஜிஎஸ்டி ரோடு வரை கேட்டிருக்கும்.

பரீட்சையில் தேறினேன். அந்த வேலை இரண்டே வருடத்தில் போய்விட்டது. சம்மதம் மட்டும் இன்னும் அமலில் இருக்கிறது. முடிச்சூரில் மனை வாங்குவதா, கிறிஸ்துமஸ் யார் வீட்டில் என்று எதற்கு நான் மறுப்புச் சொன்னாலும், மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே ஜெசிந்தா சொல்வாள்:

"ஊர்ல எல்லாரும் ஒரு தடவைதான் சம்மதம் சொல்வாங்க. நீங்க மூணு தடவை சொன்னவரு. இப்ப என்ன புதுசா பேச்சு?"