எட்டு ஸ்விட்ச்சும் என் சாப்பாட்டு மேஜையும்

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருப்பீர்கள். இருக்கத்தானே வேண்டும், உங்கள் வீட்டில் சாப்பாட்டு மேஜை மேல் சாப்பாடு இருக்கிறது. இங்கு யாவரும் நலம் என்று எழுதுவதுதான் முறை. இங்கே இருப்பது இரண்டே பேர். ஒருவர் நாலு நாளாக என்னோடு பேசவில்லை. இன்னொருத்தி இந்தக் கடிதத்தை மாவு டப்பா மூடியின் மேல் வைத்து எழுதிக்கொண்டிருக்கிறாள். எங்கள் நலத்தை நீயே ஊகித்துக்கொள்.

விஷயத்துக்கு வருகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை நீ ஒரு வேன் பிடித்துக்கொண்டு வந்து, நீ ஆரம்பித்துவைத்த அந்தக் கம்ப்யூட்டரை, ஒரு கம்பி விடாமல் உன் வீட்டுக்கு அள்ளிக்கொண்டு போக வேண்டும். இல்லாவிட்டால் நான் மகள் வீட்டுக்குப் போய்விடுவேன். அலமாரி மேலிருந்து பெட்டியை இறக்கித் தூசியும் தட்டியாகிவிட்டது. பூச்சாண்டி காட்டுகிறேன் என்று நினைக்காதே.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. முப்பத்தோரு வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்ற மனுஷன், பேப்பர் படித்துக்கொண்டு, குழாய்க்கு வாஷர் மாற்றிக்கொண்டு, தானுண்டு தன் வேலையுண்டு என்று இருந்தார். நீ வந்தாய். ஒரு பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்தாய். பூரான் மாதிரி இரண்டு பக்கமும் கால் வைத்த கறுப்புச் சிப்புகள் மேஜையில் கொட்டின. "அண்ணே, இதெல்லாம் நாப்பது வருஷத்துக்கு முந்தின சரக்கு. கடையில வாங்குற கம்ப்யூட்டர் யாருக்கு வேணும்? நீங்களே ஒண்ணு கட்டுங்க" என்றாய். "ஏம்பா, கட்டினா அது என்ன செய்யும்?" என்று நான் அப்போதே கேட்டேனா இல்லையா? "என்ன வேணா செய்யும் அண்ணி" என்று சிரித்தாய். எட்டு மாதம் ஆகிறது. அது என்ன செய்கிறது தெரியுமா? எட்டு சிவப்பு விளக்கு வரிசையாக இருக்கிறது. வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம் ஓடுகிறது. பிறகு வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் ஓடுகிறது. அவ்வளவுதான். அதைக் காட்ட, கை கழுவிக்கொண்டிருந்தவளைக் கூப்பிட்டு, "பாத்தியா! பாத்தியா!" என்று குதித்தார். "முப்பத்தோரு வருஷம் லிஃப்ட்ல மேலயும் கீழயும் லைட்டு ஓட விட்டீங்களே, அது போதலையா?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். அதற்கு இரண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

ஆறு பேர் உட்காரும் மேஜை அப்பா அது! இப்போது அதில் ஒரு டம்ளர் வைக்க இடமில்லை. துளை போட்ட வெள்ளைப் பலகைகள் பதினொன்று, அவற்றின் மேல் சீப்பில் சிக்கின முடி மாதிரி கம்பிகள். கம்பிகள் விலகாமல் பிடித்திருப்பது என் துணிக் கிளிப்புகள். அதனால் என் துணிகள் காற்றில் பறந்து கீழ் வீட்டுத் தோட்டத்தில் கிடக்கின்றன. எட்டு மாதமாகத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடுகிறோம். ஒருநாள் என் கையிலிருந்து தண்ணீர்ச் செம்பு நழுவி விழுந்து, நானும் வழுக்கி விழுந்தேன். உன் அண்ணன் துண்டை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். எங்கே ஓடினார் என்று நினைக்கிறாய்? பலகையைத் துடைக்க ஓடினார்!

அதற்குக் கீபோர்டும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. எட்டு ஸ்விட்ச். மேலே, கீழே, மேலே, மேலே என்று எட்டையும் வைத்து ஒரு பொத்தானை அமுக்கினால் ஒரே ஒரு எண் உள்ளே போகும். இப்படி நூற்றுக்கணக்கில் போட்டால்தான் அந்த விளக்கு ஓடும். இவ்வளவு பாடுபட்டு உள்ளே போட்டதெல்லாம் கரண்ட் இருக்கிறவரைக்கும்தான் ஞாபகம் இருக்குமாம். பிளக்கைப் பிடுங்கினால் சுத்தமாக மறந்துவிடுமாம். இதை யாராவது என்னிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டாமா? அந்த அறையில் இருப்பது ஒரே பிளக். வேலைக்குப் போகிற அவசரத்தில் இஸ்திரி போடுவதற்காக அதைப் பிடுங்கினேன். "மூணு மணி நேரம்! மூணு மணி நேர உழைப்பு!" என்று அவர் போட்ட கூச்சலில் நான் இஸ்திரியைச் சட்டை மேலேயே வைத்துவிட்டு நின்றேன். சட்டையில் முக்கோணமாக ஓட்டை. அவர் சட்டைதான், பரவாயில்லை.

அதற்குப் பிறகு, சீக்கிரம் முடியட்டுமே என்று நான் தாளைப் பார்த்துப் படிப்பது, அவர் ஸ்விட்ச் போடுவது என்று ஏற்பாடு. "மேல, கீழ, கீழ, மேல, மேல" என்று தினமும் காலையில் ஒரு மணி நேரம் கத்தினேன். கீழ் வீட்டுத் தையல்காரம்மா படியில் நிறுத்தி, "அக்கா, ரெண்டு பேரும் காலையில என்னமோ உடற்பயிற்சி பண்றீங்கபோல. எனக்கும் முட்டி வலி, நானும் வரட்டுமா?" என்று கேட்டாள். மானம் போயிற்று. ஒருநாள் அடுப்பில் பால் பொங்கிய அவசரத்தில் நான் ஒரு வரியை விட்டுவிட்டேன். அந்த ஒரு வரியைக் கண்டுபிடிக்க ஒரு வாரம் ஆனது. அந்த ஒரு வாரமும் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! மகளிடம் போனில் அழுதால், "அப்பா குடிக்கிறாரா, சீட்டாடுறாரா? வீட்டுலதானே இருக்காரு, விடும்மா" என்கிறாள். ஆமாம், வீட்டில்தான் இருக்கிறார். அதுதானே பிரச்சினை.

இதெல்லாம்கூடப் பொறுத்தேன். போன வியாழக்கிழமை உன்னிடமிருந்து தபாலில் ஒரு சிப் வந்தது பார், அன்றைக்குப் பிடித்தது சனியன். இது வேறு ஜாதிச் சிப்பாம், கரண்ட் போனாலும் மறக்காதாம், நீ உன் வீட்டு மெஷினில் எல்லாவற்றையும் எழுதி ஏற்றி அனுப்பியிருக்கிறாயாம், இதைச் செருகினால் சின்னத் திரையில் எழுத்தெல்லாம் வருமாம். குழந்தையைத் தொட்டிலில் போடுகிற மாதிரி அதைச் செருகினார். திரையில் ஒன்றும் வரவில்லை. கழற்றிச் செருகினார், வரவில்லை. பழையபடி ஸ்விட்ச்சில் போட்டால் விளக்கு ஒழுங்காக ஓடுகிறது, உன் சிப்பைப் போட்டால் செத்துப்போகிறது. அப்போது திரும்பி என்னைப் பார்த்தார். "நீ மேஜையத் துடைச்சியா?"

"ஓரத்தைத் துடைச்சேன்."

"அந்த நைலான் சால்வையப் போட்டுக்கிட்டா?"

"குளிருச்சு, போட்டுக்கிட்டேன்."

"போச்சு! சால்வையில இருந்து கரண்ட் பாஞ்சு சிப்பு செத்துப்போச்சு. தம்பி ஆசையா அனுப்பினதை நீ கொன்னுட்டே!"

கேட்டாயா? நான் கொலைகாரி. எட்டு மாதம் மேஜையைக் கொடுத்தேன், கிளிப்பைக் கொடுத்தேன், தொண்டை வறள "மேல கீழ" படித்தேன், கடைசியில் கொலைப்பட்டம் எனக்கு. அன்றிலிருந்து பேச்சில்லை. உனக்கு ஒன்று சொல்கிறேன், எனக்கு மேஜைகூடப் பெரிதில்லை. "தப்பு என்மேலதான்" என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் பெட்டியைப் பற்றி நான் மறுபடி யோசிப்பேன். ஆனால் கல்யாணமாகி முப்பத்து நாலு வருஷத்தில் அந்த வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததே இல்லை. ஒருமுறை ரயிலைத் தவறவிட்டபோதுகூட, ரயில்தான் அவசரப்பட்டுவிட்டது என்றார்.

இன்று காலை நடந்ததையும் கேள். ரோஷத்தில் தானே டீ போட்டுக் குடிக்கிறேன் என்று சமையலறைக்குள் போனார். ஒரு வாய் குடித்தார், அப்படியே தொட்டியில் துப்பினார். "சர்க்கரைன்னு எழுதி உப்பைப் போட்டு வச்சிருக்கியே, இது வீடா என்ன?" நாலு நாள் கழித்துப் பேசின முதல் பேச்சைப் பார். நான் ஆஸ்பத்திரி மருந்துக் கிடங்கில் நாள் முழுக்க லேபிள் ஒட்டுகிறவள், தம்பி. அங்கே ஒரு எழுத்து மாறினால் உயிர் போய்விடும் என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறேன். வீட்டிலும் ஒட்டிக்கொண்டிருக்க என்னால் ஆகாது. "உப்பை அதுல போடுறவளும் நான்தான், எடுக்குறவளும் நான்தான். ஒருநாளாவது உங்க சாப்பாட்டுல சர்க்கரை விழுந்துச்சா? வெளியாளு வந்து கை வச்சாத்தான் அது தப்பாத் தெரியும்!" என்று பிடித்தேன் ஒரு பிடி. உப்பு டப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்பாடா, இப்போதாவது மன்னிப்புக் கேட்பார் என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். விறுவிறுவென்று போய் அந்த மேஜையில் பூதக்கண்ணாடியோடு குனிந்துவிட்டார். நான் பேசியது பேசியபடி காற்றோடு போயிற்று. இதற்கு மேலும் ஒருத்தி பொறுக்க வேண்டுமா?

ஆகவே ஞாயிற்றுக்கிழமை, பத்து மணிக்குள், வேன். உன் மனைவிக்கு என் அன்பு. அவளிடம் சொல், உன்னை எந்தப் பையையும் கையில் எடுக்கவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொல். பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். நீ செய்ததற்கு உன்னைச் சபிக்கத்தான் வாய் வருகிறது, இருந்தாலும் கையால் எழுதும்போது நூறு வயது நன்றாக இரு என்றுதான் வருகிறது. இரு.

இப்படிக்கு,
மேஜையில்லாத உன் அண்ணி

பின்குறிப்பு: கவரை ஒட்டப்போகும்போது உள்ளேயிருந்து ஒரு கத்தல். மெஷின்தான் கடித்துவிட்டதோ என்று ஓடினேன். "உன் உப்பு டப்பாதான்! உன் உப்பு டப்பாதான்!" என்கிறார். எந்த எண்ணை மெஷினுக்குள் எந்த அறையில் வைப்பது என்று சொல்லும் கம்பிகளில் இரண்டை ஆரம்பத்திலேயே மாற்றிச் செருகியிருக்கிறார், உன் அண்ணன். அவரே போட்டு அவரே எடுத்தவரை, தப்பான அறையில் வைத்து அதே தப்பான அறையிலிருந்து எடுத்ததால் எட்டு மாதம் தெரியவே இல்லை. உன் சிப் வெளியாள், நீ ஒழுங்கான அறையில் வைத்து அனுப்பினாய், இங்கே மாட்டிக்கொண்டது. கம்பிகளைச் சரியாக மாற்றிச் செருகினதும் திரையில் எழுத்து வந்துவிட்டது, சிப் சாகவில்லை. நான் கொலைகாரி இல்லை. அதை அவர் வாயால் சொல்வார் என்று நின்றேன். தொண்டையைக் கனைத்தார், "நீ போய் வேலையைப் பாரு" என்றார். வந்துவிட்டேன். கொஞ்ச நேரம் டக் டக்கென்று ஸ்விட்ச் சத்தம். படித்துக் காட்டு என்று என்னைக் கூப்பிடவில்லை. பிறகு வந்து, என் முகத்தைப் பார்க்காமல், "திரையைப் பாரு" என்று சொல்லிவிட்டு வாசலில் போய் நின்றுகொண்டார். அதற்குத் தமிழ் எழுத்து வராதாம், இங்கிலீஷ் எழுத்தில் இருக்கிறது: தப்பு என் மேல. இடைவெளியோடு பதினாலு எழுத்து, எழுத்துக்கு எட்டு ஸ்விட்ச், எண்ணிப் பார்த்தேன், நூற்றுப் பன்னிரண்டு. வாயால் சொன்னால் இரண்டு வினாடி ஆகியிருக்கும்.

எனவே வேன் வேண்டாம். மெஷினை மேஜையிலிருந்து அசைக்கக் கூடாது, பிளக்கைத் தொட்டால் அந்த வார்த்தை போய்விடும், முப்பத்து நாலு வருஷம் காத்திருந்து வாங்கினது. பிளக்கின் மேல் டேப் ஒட்டி, "யாரும் கை வைக்கக் கூடாது" என்று லேபிளும் எழுதி வைத்துவிட்டேன், நாளைக்குக் கசங்கின உடுப்போடுதான் வேலைக்குப் போவேன். பெட்டியைப் படுக்கவைத்து அதன் மேல் தட்டை வைத்துச் சாப்பிட்டோம், உயரம் சரியாகத்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நீ மட்டும் வா. வரும்போது கரண்ட் போனாலும் மறக்காத அந்தச் சிப் ஒன்றும், அதில் எழுதுகிற உன் மெஷினும் கொண்டுவா. எதற்கு என்று உன் அண்ணன் கேட்டால் சொல்லிவிடாதே.