ஒன்பதாவது கட்டம்

மனித குலம் முதலில் நெருப்பைக் கண்டுபிடித்தது. பிறகு சக்கரத்தை. அதோடு களைத்துப்போய்ப் பல ஆயிரம் வருடம் சும்மா இருந்துவிட்டு, கடைசியில் 'செயல்முறை மேம்பாடு' என்கிற மகத்தான ஒன்றைக் கண்டுபிடித்தது. அதன் ஒளி ஒரு சாதாரணக் குடைத் தொழிற்சாலை மீதும் விழுந்தது. சரியாக விழுந்த இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவள், அங்கே பரிசோதகி.

பதினெட்டு வருடமாக அவளுக்கு ஒரே வேலை. கம்பி கட்டி, துணி தைத்து, பிடி மாட்டி வரும் ஒவ்வொரு குடையையும் விரிப்பாள், ஒரு சுற்று சுற்றுவாள், மடக்குவாள். விரியாததைப் பின்னால் போட்டுவிடுவாள். தினமும் நாற்பது, ஐம்பது அப்படிப் பின்னால் போகும்.

தொழிற்சாலையை மேம்படுத்த முதலாளி ஒரு நிபுணரை வரவழைத்தார். வந்தவர் பரிசோதகியின் சொந்த மாப்பிள்ளை. அவரைக் கண்டதும் பழக்கதோஷத்தில் எழுந்து நின்றாள். அந்த நான்கு விநாடியையும் அவர் 'விரயம்' என்று குறித்துக்கொண்டார்.

"அத்தை, இந்தக் குடைய எதுக்கு விரிக்கிறீங்க?"

"விரியுதான்னு பாக்கத்தான் மாப்பிள்ளை."

"வாங்கறவங்க விரிக்க மாட்டாங்களா?"

"விரிப்பாங்க."

"அப்ப ஒரே வேலைய ரெண்டு பேர் செய்யறீங்க."

பதில் நாக்கு நுனியில் நின்றது. மகள் முகம் நினைவுக்கு வந்தது, விழுங்கிக்கொண்டாள்.

மறுநாள் கூட்டம். மூன்று மணி நேரம். மாப்பிள்ளை குடை செய்யும் வேலையைச் சுவரில் ஒன்பது கட்டங்களாக வரைந்து, ஒன்பதாவதான பரிசோதனையைச் சிவப்பு மையால் அடித்தார். "இது 'மதிப்புக் கூட்டாத செயல்'. இதனால குடைக்கு ஒரு நூல்கூடச் சேரல." முதலாளிக்குப் புல்லரித்தது.

தையல்காரர் மட்டும் மெல்லக் கேட்டார்: "ஐயா, விரியாத குடை வெளிய போயிடுச்சுன்னா?"

"அதத்தான் 'வாடிக்கையாளர் பங்கேற்பு'ன்னு சொல்றோம்."

தையல்காரர் அதை நோட்டில் எழுதிக்கொண்டார். புரியாததை எழுதிக்கொள்வது அவர் வழக்கம்.

பரிசோதகியை மிகுந்த மரியாதையோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். மாப்பிள்ளையே கார் கதவைத் திறந்துவிட்டார். "தப்பா நினைச்சுக்காதீங்க அத்தை. நான் எடுத்தது கட்டத்தத்தான், உங்கள இல்ல." அன்றிலிருந்து மகள் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. 'தகவல் பரிமாற்றத்தில் சிக்கனம்' என்று அவர் மெச்சிக்கொண்டார்.

உற்பத்தி ஏறியது. மழை வரும் வரை ஏறிக்கொண்டே இருந்தது.

மழை வந்தது. சில குடைகள் விரியவில்லை. சில விரிந்துவிட்டு மடங்க மறுத்தன. அவற்றைப் பிடித்திருந்தவர்கள் பஸ்ஸுக்குள் நுழைய முடியாமல் நிறுத்தத்திலேயே நின்றார்கள். மூன்றாம் நாள் தொழிற்சாலை வாசலில் குடையும் கையுமாக ஒரு வரிசை, தெருமுனை வரை, தொப்பலாக நனைந்து.

முதலாளி ஜன்னலைச் சாத்திவிட்டு நிபுணரைப் பார்த்தார். நிபுணர் கலங்கவில்லை. "பங்கேற்பு நாம எதிர்பார்த்தத விட அதிகம் சார்."

ஆனால் அன்று மாலையே மாமியார் வீட்டு வாசலில் சொட்டச் சொட்ட வந்து நின்றார். கையில் விரியாத குடை. அவள் துண்டு எடுத்துக் கொடுத்தாள். தலையைத் துவட்டியபடியே விஷயத்துக்கு வந்தார்.

"நீங்க திரும்ப வரணும் அத்தை. ஒன்பதாவது கட்டத்த மறுபடி சேக்க முடியாது, எடுத்தது தப்புன்னு ஆயிடும். அதனால பத்தாவதுன்னு ஒண்ணு உருவாக்கியிருக்கேன். 'நனைதல் தடுப்பு அதிகாரி'. நீங்கதான்."

"அதுல என்ன வேலை?"

மாப்பிள்ளை துண்டுக்குள்ளிருந்து சொன்னார்: "குடைய விரிச்சுப் பாக்கணும்."

அவள் அந்தக் குடையை வாங்கி, பட்டனுக்குக் கீழே கட்டைவிரலால் ஒரு நெம்பு நெம்பினாள். படக்கென்று விரிந்தது. ஒரு சுற்று சுற்றி, மடக்கி, அவரிடமே நீட்டினாள்.

"வர்றேன் மாப்பிள்ளை. வரும்போது உங்க மேம்பாட்டுத் திட்டத்தயும் மேசைல வச்சிருங்க. மூணு மணி நேரம் உக்காந்து அதப் பாராட்டுனீங்களே, ஒருத்தராவது விரிச்சுப் பாத்தீங்களா?"