லா பாயிண்டு அப்பாவுவும் பதினோரு பக்க மனுவும்

உலகத்தில் சட்டம் படித்தவர்கள் ஒரு ரகம், படிக்காதவர்கள் ஒரு ரகம் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தால், மன்னிக்க வேண்டும், நீங்கள் ஈப்போவுக்கு வந்ததில்லை. மூன்றாவதாக ஒரு ரகம் இருக்கிறது. சட்டப் புத்தகங்கள் இருக்கும் கட்டிடத்துக்குப் பக்கத்தில் நெடுநாள் உட்கார்ந்தவர்கள். முதல் ரகத்தாரிடம் கேட்டால், "பார்த்துச் சொல்கிறேன்" என்பார்கள். இரண்டாம் ரகத்தார், "எனக்குத் தெரியாது" என்பார்கள். இந்த மூன்றாம் ரகத்தாரிடம் நீங்கள் கேட்கவே வேண்டாம். வாயைத் திறப்பதற்குள் பதில் வந்துவிடும்.

எங்கள் ஊரில் இந்த ரகத்துக்குத் தலைமை வகித்தவர் லா பாயிண்டு அப்பாவு. இந்த மலாய்ச் சீமையில் எல்லாரும் பேச்சை 'லா' என்று முடிப்பார்கள். அப்பாவு இங்கிலீஷ் 'லா'விலேயே தொடங்குவார். தைப்பிங்கில் ஒரு சர்க்கார் ஆபீசில் இருபத்திரண்டு வருஷம் காகிதக் கட்டுகளுக்கு நாடா கட்டியவர். ஒரு கட்டையும் அவிழ்த்துப் படித்ததாகத் தகவல் இல்லை. ஆனால் இருபத்திரண்டு வருஷம் தொட்ட கையல்லவா? விரல் வழியாகவே சட்டம் உள்ளே ஏறிவிட்டது என்பது அவருடைய நம்பிக்கை. வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் தைப்பிங்கின் ஓயாத மழைக்கு விடை கொடுத்துவிட்டு, மகள் வீட்டோடு ஈப்போவுக்கு வந்து சேர்ந்தார்.

வந்த நேரம் நல்ல நேரம். 1926-ஆம் வருஷம் அது. கோர்ட்டுக்குச் சற்றுத் தள்ளி, ஒரு கடை வரிசையின் மாடியில், சில தருமவான்கள் சேர்ந்து பொதுச் சட்ட நூலகம் ஒன்று நடத்தி வந்தார்கள். வக்கீல் குமாஸ்தாக்கள் நாலைந்து பேரும், பத்திரிகை ஓசியில் படிக்க வரும் என்னைப் போன்றவர்களும் தவிர யாரும் எட்டிப் பார்க்காத இடம். அந்த வருஷம் நூலகர் ஆம்புரோஸுக்கு ஓர் ஆவேசம் வந்தது. சட்டம் எல்லாருக்கும் பொது என்றால் புத்தகமும் எல்லாருக்கும் புரிய வேண்டாமா என்று கமிட்டியோடு மல்லுக்கு நின்று, தொழிலாளர் சட்டத்தின் தமிழாக்கம் ஒன்றை வரவழைத்தார். மலாயிலும் சீனத்திலும் சில புத்தகங்கள் வந்தன. வாசலில் பெரிய எழுத்தில் பலகை வைத்தார்: 'புதிய வசதிகள். படிக்கத் தெரியாதவர்களுக்குச் சட்டம் வாசித்துக் காட்டப்படும். சனிக்கிழமை இரண்டு முதல் நான்கு வரை. இலவசம்.'

படிக்கத் தெரியாதவர்களுக்கு எழுதிய அறிவிப்பைப் படிக்கத் தெரியாதவர்கள் எப்படிப் படிப்பார்கள் என்று கேட்கிறீர்களா? ஆம்புரோஸுக்கு அது தோன்றவில்லை. அப்பாவுக்குத் தோன்றியது. மறுநாளே மாடிப்படியின் கீழ்ப்படியில், கறுப்புக் கோட்டும் காதில் பென்சிலுமாக வந்து உட்கார்ந்துவிட்டார். மேலே வாசித்துக் காட்டும் பொறுப்பை மிஷன் பள்ளி ஆசிரியை கெர்ட்ரூட் சம்பளமில்லாமல் ஏற்றுக்கொண்டிருந்தார். ஆனால் கெர்ட்ரூட்டிடம் போக வேண்டுமானால் அப்பாவுவைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டியவர்கள் குறைவு.

அவருடைய முறை எப்போதும் ஒன்றுதான். வந்தவர் முதல் வாக்கியத்தில் பாதி சொன்னதும் கண்ணை மூடுவார். கையைத் தூக்குவார். "சாட்சி இருக்கா?" என்பார். இருக்கிறது என்றால், "அது போதாது" என்பார். இல்லை என்றால், "தேவையே இல்ல" என்பார். பிறகு ஓர் எண் சொல்வார். நாற்பத்தேழாம் பிரிவு. அடுத்த வாரம் அதே சங்கதிக்கு அது நூற்றுப்பன்னிரண்டாம் பிரிவாக இருக்கும். சட்டம் வளர்கிறதல்லவா? கடைசியில், "சட்டத்துல இடம் இருக்குலா" என்று முடிப்பார். எதற்கு இடம் இருக்கிறது என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. அந்தக் குரலைக் கேட்டால் உங்களுக்கும் கேட்கத் தோன்றாது.

அப்படி ஒரு சனிக்கிழமை மத்தியானம், கோப்பெங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் கூலிகள் குடியிருக்கும் லயத்திலிருந்து நல்லம்மாள் வந்தாள். காலையில் மரம் சீவிவிட்டு, குளித்து, பஸ் ஏறி வந்தவள். முப்பது வயதிருக்கும். புருஷன் செத்து இரண்டு வருஷம். அவளுக்கென்று இந்தச் சீமையில் இருந்தது ஒரே தங்கை, நவமணி. பாகான் டத்தோவில் ஒரு தென்னந்தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். நவமணிக்கு இரண்டு முறை பிறந்த குழந்தை தங்கவில்லை. இப்போது எட்டாம் மாதம். 'அக்கா, இந்தத் தடவை நீ பக்கத்துல இருந்தா எனக்குப் பயமில்ல' என்று யாரிடமோ எழுதிவாங்கிக் கடுதாசி அனுப்பியிருந்தாள். நல்லம்மாள் கங்காணியிடம் போனாள். "ஒன்ன கப்பல் ஏத்திக் கொண்டாந்தவன் நான். நான் விட்டாத்தான் போக முடியும்" என்றான் கங்காணி. உண்மையிலேயே போக முடியாதா? அதைத் தெரிந்துகொள்ளத்தான் வந்தாள்.

"அண்ணே, சட்டம் படிச்சுக் காட்டுறாங்களாமே, எங்கண்ணே?" என்று கேட்டாள்.

"என்ன சங்கதி, சொல்லு தங்கச்சி."

"நான் லயத்த விட்டு..."

அப்பாவு கண்ணை மூடினார். கை உயர்ந்தது. "போதும். புரிஞ்சு போச்சு. லயத்து வீட்ட விட்டு ஒன்னத் தொரத்துறானுங்க."

"இல்லண்ணே, நான்தான்..."

"நீ பயப்படாத. புருஷன் இல்லாத பொம்பளன்னு பாத்துட்டானுங்க. சாட்சி இருக்கா?"

"எதுக்குண்ணே?"

"தேவையே இல்ல. ஐம்பத்தொன்பதாம் பிரிவு. சட்டத்துல இடம் இருக்குலா."

நல்லம்மாள் மாடியைப் பார்த்தாள். "மேல டீச்சரம்மா படிச்சுக் காட்டுறதா சொன்னாங்களே?"

அப்பாவு புன்னகைத்தார். "டீச்சர் புத்தகத்துல இருக்குறதத்தான் படிப்பாங்க. எனக்கு அதுல இல்லாததும் தெரியும்."

இதற்கு மேல் ஓர் ஏழைப் பெண் என்ன செய்வாள்? கறுப்புக் கோட்டு, காதில் பென்சில், மூக்குக் கண்ணாடி. நம்பினாள். நானும் அங்கேதான் பத்திரிகையும் கையுமாக நின்றிருந்தேன். குறுக்கே பேசியிருக்கலாம். பாதிப் பத்திரிகை பாக்கி இருந்தது.

அப்பாவு ஒரு காசும் வாங்குகிறவர் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். காசு வாங்கியிருந்தால் ஊர் தப்பித்திருக்கும். இரண்டு பக்கத்தோடு நிறுத்தியிருப்பார். ஒரு வாரம் உட்கார்ந்து, தைப்பிங்கில் நாடா கட்டியபோது கண்ணில் பட்ட இங்கிலீஷ் வார்த்தைகளையெல்லாம் திரட்டி, பதினோரு பக்க மனு எழுதினார். முற்றுப்புள்ளி ஏழாம் பக்கத்தில் ஒன்று, பதினோராம் பக்கத்தில் ஒன்று. அடுத்த சனிக்கிழமை நல்லம்மாள் வந்து கைநாட்டு வைத்தாள். "இதுல நான் போகணும்ங்கிறது இருக்குல்ல அண்ணே?" என்று கேட்டாள். "எல்லாமே இருக்கு" என்றார் அப்பாவு. மனு தோட்டத் துரைக்குத் தபாலில் போனது. அதற்கடுத்த சனிக்கிழமை வந்தாள். "சட்டம் மெதுவாத்தான் நடக்கும் தங்கச்சி, ஆனா நடக்கும்" என்று அனுப்பி வைத்தார்.

நான்காம் சனிக்கிழமை, கையில் ஒரு காகிதத்தோடு வந்தாள். துரை அனுப்பிய பதில். அப்பாவு எழுந்து நின்று, கண்ணாடியைத் துடைத்து, தெருவில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டு நிறுத்தி, உரக்கப் படித்து, தமிழிலும் சொன்னார். நல்லம்மாளை லயத்திலிருந்து வெளியேற்றும் எண்ணம் தோட்டத்துக்கு எப்போதுமே இருந்ததில்லை. அவள் ஆயுசு உள்ளவரை அந்த வீட்டிலேயே இருக்கலாம். அவளை அங்கிருந்து யாரும் அசைக்கக் கூடாதென்று கங்காணிக்கும் உத்தரவு போடப்பட்டிருக்கிறது.

கூட்டம் கை தட்டியது. அப்பாவு கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். நல்லம்மாள் படியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

"ஆனந்தக் கண்ணீர்" என்றார் அப்பாவு, கூட்டத்தைப் பார்த்து.

அழுகைச் சத்தம் மாடிவரை கேட்டிருக்க வேண்டும். கெர்ட்ரூட் இறங்கி வந்தார். கூட்டத்தையும் பார்க்கவில்லை, காகிதத்தையும் பார்க்கவில்லை. நல்லம்மாள் பக்கத்தில் படியிலேயே உட்கார்ந்து, "அக்கா, ஒங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்.

யோசித்துப் பாருங்கள். நான்கு சனிக்கிழமை. நான்கு பஸ் பயணம். பதினோரு பக்கம். இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை.

"போகணும் டீச்சரம்மா" என்றாள் நல்லம்மாள். "தோட்டத்த விட்டுப் போகணும். என் தங்கச்சிக்கு இது மாசம். அவகிட்டப் போகணும்."

அப்பாவுவின் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. அவர் வாய் திறந்து சத்தம் வராததை ஈப்போ அன்றுதான் முதல் தடவை பார்த்தது.

கெர்ட்ரூட் அவளை மேலே அழைத்துப்போய், ஆம்புரோஸ் வரவழைத்த தமிழ்ப் புத்தகத்தைத் திறந்தார். பக்கத்தைத் தேட இரண்டு நிமிஷம், வாசிக்க ஒரு நிமிஷம். ஒரு மாதம் முன்னதாகச் சொல்லிவிட்டால் தொழிலாளி தோட்டத்தை விட்டுப் போகலாம். கங்காணியின் சம்மதம் என்று ஒன்று அந்தப் பக்கத்தில் எங்குமே இல்லை.

"இன்னொரு தடவ படிங்க டீச்சரம்மா" என்றாள் நல்லம்மாள். கெர்ட்ரூட் படித்தார். அதற்குப் பிறகு அவள் விரலால் அந்த வரியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு அவள் முகம் மாறியது. "ஒரு மாசமா? அதுக்குள்ள அவ பெத்துருவாளே!"

முதல் சனிக்கிழமையே மேலே வந்திருந்தால் அந்த ஒரு மாதத்தில் மூன்று வாரம் இதற்குள் கழிந்திருக்கும். கெர்ட்ரூட்டுக்கு அது தெரியும். உதட்டைக் கடித்துக்கொண்டு மூன்று வரி எழுதினார். இன்னாள் போக விரும்புகிறாள். சட்டப்படி இது முன்னறிவிப்பு. தங்கையின் பிரசவத்தை உத்தேசித்து முன்கூட்டியே விட்டால் நன்றியாயிருக்கும்.

திங்கட்கிழமை நல்லம்மாள் துரையின் ஆபீசுக்குப் போனாள். மறுநாள் ஒரு தகரப்பெட்டியோடு நூலகத்துக்கே வந்து நடந்ததைச் சொன்னாள். கெர்ட்ரூட் பள்ளியில் இருந்ததால் ஆம்புரோஸும் நானும் கேட்டோம். அப்பாவுவும் கீழ்ப்படியை விட்டு ஏறி வந்து, கொஞ்சம் தள்ளி நின்று கேட்டார்.

"நான் உள்ள போனதும் தொர எந்திரிச்சுட்டாரு" என்றாள். "கையில கடுதாசியப் பாத்து, 'இன்னும் எத்தன பக்கம்'னு கணக்கு எழுதுற கிராணிகிட்டக் கேட்டாராம். கிராணி, 'மூணு வரிதான், இந்தப் பொம்பள போகணுமாம்'னு சொன்னாரு. தொர, 'எப்ப?'ன்னாரு. 'விட்டா இன்னைக்கே'ன்னேன். ஒடனே கையெழுத்துப் போட்டுட்டாரு. பதினோரு பக்கம் எழுதுற ஆளத் தோட்டத்துல வச்சுக்கிட்டு நிம்மதியாத் தூங்க முடியாதுன்னாராம்!"

ஆம்புரோஸ் என்னைப் பார்த்தார். நான் பத்திரிகையைப் பார்த்தேன்.

"கேட்டீங்களாலா?" என்று ஒரு குரல் எழுந்தது. "ஒரு மாசம் காத்துக் கெடக்கணும்னு சொல்லுது சட்டம். என் மனு ஒரே நாள்ல வாங்கிக் குடுத்துச்சு!"

இதை மறுக்க முடியுமா? நீங்களே சொல்லுங்கள். எனக்கு ஆத்திரமாக வந்தது. ஆனால் நல்லம்மாள் அவரைக் கும்பிட்டு, "ஆமாண்ணே, ஒங்க கடுதாசிக்குத்தான் பயந்து போயிட்டாரு தொர" என்றாள். அதில் கேலி இருந்ததா என்று இன்றுவரை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டாள்.

பதினோரு நாள் கழித்து பாகான் டத்தோவிலிருந்து கெர்ட்ரூட் பேருக்குக் கடுதாசி வந்தது. அன்று சனிக்கிழமை. எல்லாருக்கும் கேட்கும்படி படித்தார். பெண் குழந்தை. இரண்டு நாள் பயமாக இருந்ததாம். மூன்றாம் நாளிலிருந்து நன்றாகப் பால் குடிக்கிறதாம். லயம் முழுவதும் தூக்கம் கெடும்படி அழுகிறதாம். நவமணி அக்காவின் கையை இன்னும் விடவில்லையாம்.

அப்பாவு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்ப மாட்டினார். மறுபடி கழற்றித் துடைத்தார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "பொறப்பப் பதிஞ்சாங்களா? அதுக்கும் ஒரு பிரிவு இருக்கு" என்றார்.

அதன் பிறகு சனிக்கிழமைகளில் தோட்டத்துப் பெண்கள் படி நிறைய வரத் தொடங்கினார்கள். நல்லம்மாள் கதை கோப்பெங் பக்கமெல்லாம் பரவியிருந்தது. அப்பாவு இப்போதும் கீழ்ப்படியில்தான் இருக்கிறார். "மேல போங்க, மேல போங்க, டீச்சர் இருக்காங்க" என்று வழி விடுகிறார். திருந்திவிட்டார் என்று நினைக்காதீர்கள். இறங்கி வருகிறவர்களைப் பிடித்துக்கொள்கிறார்.

சிரித்தீர்கள் அல்லவா? சிரியுங்கள். ஆனால் ஒன்று மட்டும் உண்மையைச் சொல்லிவிடுங்கள். கெர்ட்ரூட் அந்தப் பக்கத்தை வாசித்த இடத்தில், 'அதெப்படி, அந்த முன்னறிவிப்பை இன்னாரிடம்தான் கொடுக்க வேண்டுமென்று விதி இருக்கிறதே, கதை சொல்லும் இந்த ஆளுக்கு அது தெரியவில்லையே' என்று உங்கள் மனசுக்குள் ஒரு குரல் கேட்டதா? எங்கே படித்தோம் என்று ஞாபகம் வராமலேயே கேட்டதா? அப்படியானால் ஐயா, அம்மா, தயங்காமல் ஈப்போவுக்கு வாருங்கள். கீழ்ப்படி அகலமானது. அப்பாவு கொஞ்சம் நகர்ந்து உட்காருவார்.