'நீங்க' என்றொரு கெட்ட வார்த்தை

மணிமுத்தாறு அணையை முதுகுக்குப் பின்னால் விட்டுவிட்டு, கல்லிடைக்குறிச்சி போகும் சாலையில் வேகமாக நடந்துகொண்டிருந்தேன். ஒரு கையில் பெட்டி. மறு கையில் வார் அறுந்த செருப்பு. அரை மணி நேரத்துக்கு முன்புவரை எனக்கு ஒரு வேலை இருந்தது, ஒரு சிநேகிதனும் இருந்தான். மரியாதையாகப் பேசியே இரண்டையும் தொலைத்திருந்தேன். (வாயால் கெட்டவர்கள் உலகத்தில் நிறைய உண்டு. நல்ல வாயால் கெட்டவன் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான்.)

சிநேகிதன் பேர் பரமன், அம்பாசமுத்திரத்துக்காரன். எட்டாம் வகுப்பில் இரண்டு பேரும் சேர்ந்தே தோற்றோம். பிறகு நான் உவரியில் வலை இழுத்தேன், எஸ்டேட்டில் மூட்டை தூக்கினேன், கடைசியில் வளைகுடா நாட்டுச் சரக்குக் கிட்டங்கி ஒன்றில் ஆறு வருசம். பரமன் ஊரைவிட்டு நகராமலே இரண்டு வேன் வாங்கிவிட்டான். "கெளம்பி வாலே, ரெண்டாவது வண்டி ஓட்டுத வேலை உனக்குத்தான்" என்று போனில் சொன்னான். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் திரும்பி வந்தேன். வேறு போக்கிடம் கிடையாது.

கிட்டங்கிக் கதையைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். அங்கே போய்ச் சேர்ந்த மூன்றாம் மாதம், பின்னால் வந்த சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டியைக் கவனிக்காமல் நின்ற நேபாளக்காரன் ஒருவனைச் சட்டையைப் பிடித்து இழுத்துக் காப்பாற்றினேன். இழுத்த கையோடு, நம்மூரில் பிரியப்பட்டவனை ஏசுவதுபோல ஏசினேன்: "செத்த மூதி, சாகவா இங்கன வந்த? பேதில போவ!" பாவம், என்ன சொன்னேன் என்று அவன் விசாரித்திருக்கிறான். எங்களோடு இருந்த காயல்பட்டினத்துக் காக்கா (அவர்கள் ஊரில் காக்கா என்றால் அண்ணன்) மேனேஜர் முன்னால் வரிக்கு வரி நேர்மையாக மொழிபெயர்த்துவிட்டார். மேனேஜர் என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். "உசுரையும் காப்பாத்திட்டு, வயித்தாலே போயிச் சாகவும் சொல்லியிருக்கியான்னு கேக்காரு" என்றார் காக்கா.

வாசிக்கத் தெரியாத ஒரு தாளில் கையெழுத்துப் போட்டேன். "இங்கன ஏசுறதுக்குக் கேசு உண்டு தம்பி. அடுத்த புகாருக்கு போலீசு, அப்புறம் பிளேனு. வாயைத் தச்சுக்கோ" என்றார் காக்கா. தைத்துக்கொண்டேன். 'நீங்க', 'நன்றிங்க', 'பரவாயில்லைங்க'. இந்த மூன்றை வைத்தே ஆறு வருசத்தை ஓட்டினேன். காலில் பெட்டி விழுந்தால் பெட்டியிடம் மன்னிப்புக் கேட்கிற அளவுக்குத் தேறிவிட்டேன்.

திரும்பி வந்த அன்று பரமன் குடும்பத்தோடு அணைக்கட்டுப் பூங்காவில் இருந்தான். நேரே அங்கேயே போனேன். இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடி வந்தான்.

"ஏலே செத்த மூதி, இன்னும் உசுரோடயா இருக்க?"

'உன்னத் தூக்கிப் போட்டுட்டுத்தாம்லே போவேன்' என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொன்னது இது: "நல்லா இருக்கேங்க. நீங்க சௌக்கியமா?"

விரித்த கை விரித்தபடியே நின்றது. எங்கள் பக்கத்தில் சிநேகிதனை 'நீங்க' போடுகிறவன், வேலித் தகராறில் கோர்ட்டுக்குப் போனவனாகத்தான் இருப்பான். பரமனின் மாமனார் புளியோதரை இலையைக் கீழே வைத்துவிட்டார். "மாப்பிள்ள, உங்களுக்குள்ள என்ன வே பகை?"

பரமன் என்னைச் சோதித்தான். காலில் ரசத்தைக் கொட்டினான். "பரவாயில்லைங்க" என்றேன். வேண்டுமென்றே செருப்பை மிதித்து வாரை அறுத்தான். "மன்னிச்சிருங்க, எங் காலு வழியில இருந்துட்டு" என்றேன். அவன் மனைவி செல்வி, "அண்ணன் மனசுல என்னமோ பெருசா வச்சிருக்காவ" என்று முணுமுணுத்தாள். பரமனுக்கு முகம் கறுத்துவிட்டது.

"கோவத்த உள்ள பூட்டி வச்சிருக்கவன் கையில வண்டியக் குடுத்தா, எந்தப் பாலத்துல எறக்குவான்னு யாருக்குத் தெரியும்? வேலையும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். போயிரு."

"சரிங்க. நன்றிங்க" என்றேன். (இது வேறு.)

அப்படித்தான் நடந்துகொண்டிருந்தேன். பின்னால் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு பரமனின் வேன் பைய வந்தது. பரமன் தலையை வெளியே நீட்டினான். "ஏலே, ஒரே ஒரு வார்த்த ஏசிட்டுப் போ. எனக்கு மனசு ஆறும்."

வாயைத் திறந்தேன். மேனேஜர் முகம் வந்து நின்றது. "வேண்டாங்க."

அவன் வெறுத்துப்போய் வண்டியை விரட்டினான். சாலையோரம் மழைத்தண்ணீர் செம்மண்ணோடு குளமாகக் கிடந்தது. புது வேலைக்கென்று வாங்கி, அன்றுதான் போட்டிருந்த வெள்ளைச் சட்டை, சக்கரம் வாரி அடித்ததில் காலரிலிருந்து நுனிவரை சிவந்தது.

தையல் பிரிந்தது.

"கூறுகெட்ட கூவ! எடுபட்ட பயலே! வெளங்காத மூதி, ஒனக்கெல்லாம் எவம்லே லைசென்சு குடுத்தான்?" என்று தொடங்கினேன். அச்சில் வரக்கூடியது இவ்வளவுதான். ஆறு வருசச் சேமிப்பு. அவன் வம்சத்தில் ஒருவரையும் விடவில்லை. புல்லுக்கட்டோடு போன ஒரு அம்மா கட்டை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டாள். வேன் நின்றுவிட்டது. பரமன் கண்ணை மூடி, நாதசுரம் கேட்பதுபோலத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தான். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது செல்வி பாட்டிலை நீட்டினாள்: "தண்ணி குடிச்சிட்டுப் பேசுங்க அண்ணே."

"பய நல்ல பயதான் மாப்பிள்ள" என்றார் மாமனார்.

பரமன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "இப்பம் ஏறுலே, செத்த மூதி."

மறுநாள் காலை வேலையில் சேர்ந்தேன். வண்டியைப் பார்த்தேன். மஞ்சள் நிறம். பாலர் பள்ளி வேன்.

"உள்ள ஒரு கெட்ட வார்த்த கேட்டுச்சுன்னு வையி, பெரிய டீச்சரு வண்டியவே நிறுத்திரும்" என்று சாவியை நீட்டினான் பரமன். அவனுடைய மகள்தான் முதலில் ஏறினாள். ஏறும்போதே ஷூக் காலால் என் பெருவிரலை நன்றாக நசுக்கினாள்.

"பரவாயில்லைங்க, உள்ள போயி உக்காருங்க" என்றேன்.

அந்த வீட்டில் இன்றைக்கும் எனக்குப் பேர் 'பரவாயில்லைங்க மாமா'.