நாலு பக்கமும் காலியிடம்

தனிவீட்டுக்காரர் என்றொரு இனம் இருக்கிறது. ஊருக்கு வெளியே, பஸ் திரும்பிப் போகிற இடத்துக்கும் அப்பால் பெருகிவருகிறது. அடையாளம் சுலபம். யாரும் கேட்காமலே, "எங்க சுவரு யாரு சுவரையும் தொடாது" என்று சொல்லும்.

நம் பல் டாக்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். இருபது வருடம் அடுக்குமாடியில் இருந்தவர். மேல்வீட்டில் நாற்காலியை இழுத்தால் இவர் தலைக்குள் இழுபடும். மாடிப்படியில் எதிர்ப்படுகிறவர்களெல்லாம் அங்கேயே 'ஆ' என்று வாயைத் திறந்து கடைவாய்ப் பல்லைக் காட்டுவார்கள். போதுமடா சாமி என்று இங்கே வந்து வீடு கட்டினார். ஆள் உயரச் சுவர், அதன்மேல் கண்ணாடிச் சில்லு, முன்னால் புல்வெளி. ஞாயிறுதோறும் புல் வெட்டுவார். அதில் ஒருநாளாவது உட்கார்ந்தாரா? அதெல்லாம் கிடையாது. உப்பு தீர்ந்தால் காரை எடுக்க வேண்டும். நடந்து போகலாமே என்கிறீர்களா? நடைபாதை இருக்க வேண்டிய இடத்தில்தான் ஆளாளுக்குக் காருக்குச் சரிவு கட்டியிருக்கிறார்களே!

"பேசறதுக்கு ஒரு ஆள் இல்லீங்க. வாய் இருக்கறதே மறந்துடும்போல" என்பார் மனைவி.

"அமைதியா இருக்குல்ல?" என்பார் டாக்டர்.

ஆறு வருடம் அமைதியாகத்தான் இருந்தது. ஒரு ஞாயிறு காலை மனைவி தங்கை வீட்டுக்குப் போயிருந்தார். டாக்டர் கேட்டைப் பூட்டிவிட்டு, தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க மொட்டைமாடி ஏறினார். காற்றில் கதவு படாரென்று சாத்திக்கொண்டது, உள்தாழ்ப்பாள் விழுந்துவிட்டது. போன் கீழே. கத்தலாம்தான். யாரை? தெருவில் ஒருவர் பெயரும் தெரியாதே! "பச்சைக் கேட்டு சார்! நாய் வளக்கிற அம்மா!" என்று தொண்டை கட்டும்வரை கூப்பிட்டார். எல்லா ஜன்னலும் சாத்தியிருந்தது. நாய் மட்டும் பதில் சொன்னது.

வெயில் உச்சிக்கு ஏறியபோது, பச்சைக் கேட் வீட்டம்மா செடிக்குத் தண்ணீர் விட வந்தார்.

"யாருங்க அது? அங்க என்ன பண்றீங்க?"

"என் வீடும்மா இது!"

"எப்படி நம்பறது? அந்த வீட்டுக்காரர நான் பாத்ததே இல்லையே."

"பல் டாக்டரும்மா நான்!"

அந்தம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். "அடப்பாவமே! ஆறு மாசமா பல்லு வலின்னு பத்து கிலோமீட்டர் போயிட்டு வரேங்க!"

சில்லுகள்மேல் தன் வீட்டுக் கால்மிதியடிகளையெல்லாம் அடுக்கி, ஏணியோடு அந்தம்மா சுவர் தாண்டினார். "பாத்தும்மா, பாத்து! கால்ல குத்திடப் போகுது" என்று மேலிருந்து பதறினார், அந்தச் சில்லுகளைப் பதித்தவர். அந்த ஏணி வழியே டாக்டர் இறங்கினார். அந்தம்மா கொடுத்த தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். அன்று சாயங்காலம் வரை இருவரும் புல்வெளியில் உட்கார்ந்து பேசினார்கள்.

மறுநாள் தச்சர் வந்தார். சுவரில் சின்னதாக ஒரு கதவு வைக்கப்போகிறார் என்று மனைவி பூரித்துப்போனார். தச்சர் மாடிக்கதவின் தாழ்ப்பாளை மாற்றிவிட்டுக் கிளம்பினார். மனைவி செருப்பை மாட்டிக்கொண்டு நேரே பச்சைக் கேட்டுக்குப் போய்விட்டார். இப்போதெல்லாம் சாயங்காலம் டாக்டருக்கு அமைதி ரொம்பவே கிடைக்கிறது.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். போகிறபோக்கில் ஒன்று: உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் பெயர் என்ன? உஹூம், கூரியர்காரரைக் கேட்டுச் சொல்லக் கூடாது.