ஒரு பல் தள்ளி

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குச் சாவியைத் திருப்பியதும் வண்டி ஸ்டார்ட் ஆனது. ஆனால் குளிர்க்காய்ச்சல் கண்டவன் மாதிரி உதறியது.

"குதிரை வண்டியில உட்கார்ந்த மாதிரி இருக்கேம்மா. இன்னும் வாசலைக்கூடத் தாண்டலையே," என்றார் பின் சீட்டில் இருந்த மாமனார்.

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவள் அவருடைய சின்ன மருமகள், பல் டாக்டர். ஆக்சிலரேட்டரை மிதித்தாள். இன்ஜின் மூன்று முறை துடித்து நாலாவது துடிப்பை விழுங்கியது. வண்டிக்காரர்கள் பாஷையில் மிஸ்ஸிங்.

முந்தின நாள்தான் அவள் தன் கையாலேயே டைமிங் பெல்ட்டை மாற்றியிருந்தாள். மாமனார் ஆறு மாதம் இங்கே, ஆறு மாதம் மூத்த மகன் வீட்டில் என்று இருப்பவர். அங்கே போக ஐந்து மணி நேரம் ஓட்ட வேண்டும். பாதி வழியில் பழைய பெல்ட் அறுந்தால் இன்ஜினே போய்விடும் என்று வண்டியோடு வந்த புத்தகத்தில் போட்டிருந்தது. மெக்கானிக்கிடம் விடலாமே என்று புருஷன் சொன்னதற்கு, "பெல்ட்டுலயும் பல்லுதானே இருக்கு. பல்லு என் தொழில்," என்று சொல்லிவிட்டாள்.

வாசலில் தண்ணீர் பாட்டிலோடு நின்ற புருஷன், பள்ளிக்கூடத்துப் பூகோள வாத்தியார், குனிந்து எட்டிப் பார்த்தார்.

"நேத்து சாயங்காலம் நல்லாத்தானே ஓடுச்சு?"

"ஓடுச்சு."

"ஒருவேளை பெல்ட் ஒரு பல்லு தள்ளி உட்கார்ந்திருக்குமோ?"

"என் கையிலயா?"

பதினாலு வருஷத் தாம்பத்தியம் அவருக்கு எங்கே நிறுத்த வேண்டும் என்று கற்றுக்கொடுத்திருந்தது. தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

"எனக்கென்னம்மா, நான் ரெடி," என்றார் மாமனார். விடிவதற்குள் குளித்து, வண்டிக் கண்ணாடியெல்லாம் துடைத்து, பையை மடியில் வைத்துக்கொண்டு முதல் ஆளாக ஏறி உட்கார்ந்தவர் அவர்தான். "பெரியவன் பாவம், வழி பார்த்துக்கிட்டு இருப்பான். பஸ்ல போலாம்னா இந்த இடுப்பு கேக்க மாட்டேங்குது."

"அடுத்த சனிக்கிழமை கண்டிப்பா போறோம் மாமா."

பிடித்த பல்லை விடுகிற பழக்கம் அவளுக்கு இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, பெல்ட் மூடியைப் பிரித்து, இன்ஜினைக் கையால் சுற்றிப் பார்த்தாள். மேல் சக்கரத்துப் புள்ளியும் கீழ்ச் சக்கரத்துப் புள்ளியும் அச்சுப் பிசகாமல் கோட்டில் நின்றன. ஒரு பல்கூடத் தள்ளவில்லை. ஆனாலும் மனம் ஒப்பாமல் பெல்ட்டைக் கழற்றி மறுபடி மாட்டினாள். இரண்டு விரல் முட்டியில் தோல் போனது. சாயங்காலம் ஓட்டிப் பார்த்தால் வண்டி வெண்ணெய் மாதிரி போனது.

திங்கள் காலை மறுபடி உதறல்.

"சாயங்காலம் சரியா இருக்கு, காலையில வருது. அப்படின்னா குளிர்தான் காரணம்," என்று முடிவு கட்டினாள்.

"பனிம்மா," என்று மாமனார் ஒத்து ஊதினார். "எனக்கே காலையில முட்டி மடங்க மாட்டேங்குது. அது இரும்பு, பாவம், வாய் திறந்து சொல்லவா முடியும்?"

அன்று சாயங்காலம் பானெட்டைத் திறந்து, புருஷனின் கம்பளிப் போர்வையை இன்ஜின் மேல் போர்த்தி, நாலு பக்கமும் செருகி மூடினாள். காலையில் அதை எடுத்துவிடச் சொல்லிப் புருஷனிடம் சொன்னாள். சொன்னதாக அவள் நினைத்தாள். கேட்கவே இல்லை என்று அவர் சத்தியம் செய்தார். மறுநாள் சாவியைத் திருப்பியதும் போர்வையின் ஒரு முனை ஃபேன் பெல்ட்டில் மாட்டி, கம்பளி நூல் நூலாகக் கிரில் வழியே வெளியே வந்தது. உதறலும் அப்படியே இருந்தது.

"என் போர்வை," என்றார் வாத்தியார்.

"வண்டியைப் பாருங்க. போர்வை முக்கியமா இப்ப?"

புதன்கிழமை நாலு பிளக்கையும் புதிதாக மாற்றினாள். மாற்றும்போது முழங்கை பட்டுப் பக்கத்தில் இருந்த ரப்பர் குழாய் விரிசல் விட்டது. இப்போது வண்டி உதறியதோடு விசிலும் அடித்தது. வேறு குழாய் கிடைக்க ஒரு வாரம் ஆகும் என்றார் கடைக்காரர். கிளினிக்கில் தாடைக்கு அச்சு எடுக்கும் பசையை எடுத்து வந்து விரிசலில் அப்பினாள். விசில் நின்றது. இளஞ்சிவப்பாக ஈறு முளைத்த மாதிரி இருந்தது இன்ஜின்.

சாயங்காலம் ஓட்டினாள். வெண்ணெய். வியாழன் காலை உதறல். வெள்ளி காலை உதறல். இரண்டாவது சனிக்கிழமை மாமனார் பையோடு ஏறினார், குலுங்கினார், இறங்கினார்.

"நான் ஒண்ணும் சொல்லலம்மா. வேற யாராவது பெல்ட் மாட்டியிருந்தா இந்நேரம் நான் பெரியவன் வீட்டுல பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்திருப்பேன்."

அது அவளைச் சுருக்கென்று தைத்தது. பெரியவர் மனசு நோகாமல் சொன்ன நேரத்துக்கு அனுப்பிவைக்க முடியவில்லையே என்ற குறை ஒரு பக்கம். 'வேற யாராவது' என்ற வார்த்தை இன்னொரு பக்கம். அன்று மூன்றாவது தடவையாகப் பெல்ட்டைப் பிரித்தாள்.

செவ்வாய்க்கிழமை கிளினிக்கில் ஒருவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்தார். விரல் இடுக்கில் கிரீஸ். முப்பது வருஷ மெக்கானிக்காம். பல் டாக்டருக்கு முகம் மலர்ந்தது. அவரைச் சாய்த்து, வாயைத் திறக்கவைத்து, இரண்டு பக்கமும் பஞ்சை அடைத்துவிட்டுத்தான் கேட்கவே ஆரம்பித்தாள்.

"டைமிங் பெல்ட் மாத்தினேங்க. மார்க் எல்லாம் சரியா இருக்கு. பிளக் புதுசு. சாயங்காலம் நல்லா ஓடுது, காலையில மிஸ்ஸிங். என்னவா இருக்கும்?"

"ஒ…ய…" என்றார் மெக்கானிக்.

"உயிர் போகுதா? அவ்வளவு வலியா? சொல்லக் கூடாதா?" என்று இன்னொரு ஊசி போட்டாள்.

மெக்கானிக் கையை ஆட்டினார். "ஓ…யா…"

"ஓயவே இல்லையா வலி?"

மூன்றாவது ஊசிக்கு அவள் கை போனதும் மனிதர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். நாக்கு, உதடு, மோவாய் மூன்றும் அவர் சொல்பேச்சைக் கேட்கிற நிலையில் இல்லை. பேனா வாங்கி மருந்துச் சீட்டின் பின்னால் எழுதினார்: 'பிளக் ஒயர். கழன்று இருக்கும்.'

மத்தியானமே வீட்டுக்கு ஓடிவந்து பானெட்டைத் திறந்தாள். நாலு பிளக்குக்கும் நாலு ஒயர். மூன்றாவது ஒயரின் தொப்பி பாதி மேலே ஏறி, ஒட்டியும் ஒட்டாமலும் நின்றது. கட்டை விரலால் அழுத்தினாள். டக். ஸ்டார்ட் செய்தாள். உதறல் இல்லை.

பெல்ட்டையோ பிளக்கையோ பிரிக்கும்போதெல்லாம் பிளக் ஒயர்களையும் கழற்றித் திரும்ப அழுத்தி மாட்டியிருக்கிறாள். அதனால்தான் சாயங்காலமானால் வண்டி சரியாக ஓடியிருக்கிறது. பெல்ட் மேல் ஒரு குற்றமும் இல்லை. அவளுடைய கை மேலும் இல்லை. புருஷனுக்குப் போன் போட்டுச் சொன்னாள். இரண்டு தடவை சொன்னாள்.

"சரியாப் போச்சா? நல்லதும்மா," என்றார் மாமனார். "எந்த ஒயருன்னு சொன்னே?"

"மூணாவது மாமா."

"அப்படியா," என்று சொல்லிவிட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைக்கப் போய்விட்டார்.

புதன் காலை அதே ஒயர் மறுபடி கழன்றிருந்தது. பழைய தொப்பி, வாய் விரிந்துவிட்டது என்று புரிந்துகொண்டாள். ஆடுகிற பல்லை வைத்துக்கொண்டு மாரடிப்பானேன். புது ஒயர் செட் வாங்கி, வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலையும் மாற்றினாள். ஒவ்வொன்றும் டக்கென்று உட்கார்ந்தது. இழுத்துப் பார்த்தாள், அசையவில்லை. தெருவை நாலு சுற்று சுற்றிவிட்டு வந்து, நிம்மதியாகத் தூங்கினாள்.

மூன்றாவது சனிக்கிழமை. மாமனார் பின் சீட்டில், மடியில் பை. வாத்தியார் கையில் தண்ணீர் பாட்டில். சாவியைத் திருப்பினாள்.

வண்டி உதறியது.

பல் டாக்டர் இறங்கிப் பானெட்டைத் தூக்கினாள். நேற்று மாட்டிய புத்தம் புது மூன்றாவது ஒயர், பாதி கழன்று சாய்ந்து நின்றது. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். புத்தகத்தில் இதற்கு ஒரு பக்கமும் இல்லை.

பின்கதவு திறக்கும் சத்தம் கேட்டது. மாமனார் இடுப்பு வலியெல்லாம் எங்கே போனதோ, பையோடு சுறுசுறுப்பாக இறங்கினார்.

"இது ஆகாதும்மா போலிருக்கு. நீ மனசைப் போட்டு உழப்பிக்காதே. நான் பையை உள்ள வெச்சிடறேன்."

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. எடுத்தால் ஓரகத்தி, மூத்த மகனின் மனைவி.

"என்ன, கிளம்பியாச்சா?"

"இல்லக்கா. நான் பெல்ட் மாத்தினதுலேருந்து இந்த வண்டி என் மானத்தை வாங்குது. மூணு வாரமா பார்க்காத பார்வை இல்ல. இன்னிக்கும் அதே மிஸ்ஸிங்."

"மூணாவது பிளக் ஒயரா?"

"ஆமா. உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?"

அந்தப் பக்கம் சிரிப்பை அடக்கும் சத்தம் கேட்டது.

"மாமாவை இங்கேருந்து உங்க வீட்டுக்குக் கூட்டிட்டு வரக் கிளம்பினப்போ, எங்க வண்டியும் ரெண்டு மாசம் அதே ஒயர்லதாம்மா மிஸ்ஸிங் அடிச்சுது."