செல்வா மட்டும் டூட்டியில்

ரூபேந்திரனின் வாய் நிறையக் கேசரி இருந்தது. அந்த நேரம் பார்த்து, எதிரே அலமாரியில் இருந்த ரேடியோவிலிருந்து அவன் குரல் உற்சாகமாகப் பேச ஆரம்பித்தது. "வணக்கம் ஜோகூர்! பெர்மாஸ் ஜெயா நிலையத்திலிருந்து நேரடியாக உங்களோடு இணைந்திருப்பது, உங்கள் ரூபன்."

லாபிஸ் என்ற ஊரில் பெண் பார்க்க வந்த இடம் அது. மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று பெண்ணின் அம்மா காளியம்மா கேட்டபோது, கூட வந்திருந்த பிரேமலா அத்தை ஏதாவது மழுப்பிவிட்டுப் போயிருக்கலாம். அத்தைக்கு அது வராது. ரேடியோவில் வருகிற ரூபன் எங்கள் பிள்ளைதான் என்று பெருமை பீற்றிக்கொண்டாள். சனிக்கிழமை என்றால் எங்கள் வீட்டில் அந்த ரேடியோதான் ஓடும் என்று காளியம்மாவும் பூரித்துப்போய், எழுந்து சத்தமாக வைத்துவிட்டாள். தெருவுக்கே கேட்டது.

சோபாவில் ஒரு ரூபன், அலமாரியில் ஒரு ரூபன். காளியம்மா இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தாள்.

இதில் மாயமந்திரம் ஒன்றும் இல்லை. எல்லாம் செல்வாவின் வேலை. செல்வா என்பவர் முன்பு அந்த நிலையத்தில் பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். அவர் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனதும் முதலாளி புது ஆளைத் தேடவில்லை. ஒரு மென்பொருளை வாங்கிக் கணினியில் ஏற்றிவிட்டார். பாட்டு, விளம்பரம், பேச்சு எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கிக் கொடுத்தால் போதும், அதுவே நேரம் தவறாமல் ஒலிபரப்பும். டீ குடிக்க வெளியே போகாது, தீபாவளிக்கு லீவு கேட்காது. நிலையத்தில் எல்லாரும் அதையும் செல்வா என்றே கூப்பிட்டார்கள்.

சனிக்கிழமை நிகழ்ச்சியை ரூபேந்திரன் வியாழக்கிழமையே பேசிப் பதிவு செய்துவிடுவான். நேயர்களின் அழைப்புகளையும் அன்றைக்கே எடுத்துக்கொள்வான். இன்றைக்குச் சனிக்கிழமை என்று நினைத்துக்கொண்டு பேசுங்கள் என்றால் நேயர்கள் பிரமாதமாக நடிப்பார்கள். சனிக்கிழமை காலையில் செல்வா டூட்டி பார்க்கும், ரூபேந்திரன் போர்வைக்குள் கிடப்பான். 'நேரடியாக' என்ற அந்த ஒரு வார்த்தையைத் தவிர நிகழ்ச்சியில் பொய் எதுவும் கிடையாது.

பெண் பார்ப்பது ஞாயிற்றுக்கிழமை என்றுதான் முதலில் பேச்சு. அத்தைக்கு ஞாயிறு ஷிப்ட் போட்டுவிட்டார்கள் என்று நேற்று மாலைதான் சனிக்கு மாற்றினார்கள். விதி யாரை விட்டது?

லோஷினியை அவனுக்கு ரொம்பவும் பிடித்துப்போயிருந்தது. கிளினிக்கில் நர்ஸ், சனிக்கிழமையும் வேலை, இன்றைக்கு மட்டும் லீவு போட்டிருந்தாள். ஒரு மாதமாகப் போனில் பேசியதில், இவள் இல்லாவிட்டால் தனக்குக் கல்யாணமே வேண்டாம் என்ற நிலைக்கு அவன் வந்திருந்தான். முன்பு பார்த்த இடங்களெல்லாம் ரேடியோக்காரனா என்று முகம் சுளித்திருந்தன. இவள் சிரித்தாள். ஒரே ஒரு விஷயம்தான் எச்சரித்திருந்தாள்: எங்கள் வீட்டில் எதை வேண்டுமானாலும் பொறுத்துக்கொள்வார்கள், பொய் மட்டும் ஆகாது.

பெண்ணின் அப்பா சதாசிவம் அதுவரை வாயே திறக்கவில்லை. இப்போது தொண்டையைச் செருமினார்.

"நேரடின்னு சொல்றாங்களே. அப்போ ரூபன் அங்க இருக்காரு. இங்க உட்காந்திருக்கிறது யாரு?"

ரூபேந்திரனுக்குக் கேசரி தொண்டையிலேயே நின்றுவிட்டது. கேள்வியால் அல்ல, குரலால். வாராவாரம் வியாழக்கிழமை மாலை போன் செய்கிற 'லாபிஸ் சதா'வின் குரல் அது. நிகழ்ச்சி முன்கூட்டியே பதிவாகிறது என்று இந்த மனிதருக்குத் தெரியாதா? தெரிந்துகொண்டே ஏன் இப்படிக் கேட்கிறார்?

"அங்கிள், அது வந்து ரெக்கார்ட்..."

"மொதல்ல சாப்பிடுங்க தம்பி" என்று சதாசிவம் அவன் தட்டில் இரண்டு முறுக்கை வைத்தார். அதை மென்றுவிட்டு அவன் மறுபடி வாயைத் திறந்தான். மறுபடி முறுக்கு விழுந்தது.

"ரெக்கார்டாவது ஒண்ணாவது" என்றாள் காளியம்மா. "இவருக்கு ஏழரைச் சனி நடக்குது. சனிக்கிழமை ஆனா கோயிலுக்குப் போயி எள் விளக்கு ஏத்திட்டு, அங்கேர்ந்தே போன் போட்டு உங்க ரேடியோல நேரா பேசுறாரே. நான் இவருக்காக விரதம் இருந்துகிட்டு, ரேடியோ முன்னாடியே உட்காந்து கேப்பேன்."

போன வாரம் ரூபன் என்ன பேசினான் என்று அத்தை ஆசையாக விசாரித்தாள். எல்லாம் நல்லாத்தான் பேசுச்சு என்று சொல்லிவிட்டுக் காளியம்மா காப்பி கலக்க உள்ளே போய்விட்டாள்.

ரூபேந்திரனுக்கு இப்போதுதான் லேசாக விளங்கியது. அவனுக்கு விளங்கிவிட்டது என்பது சதாசிவத்துக்கும் விளங்கியது. கை கழுவப் பின்பக்கம் போகலாம் தம்பி என்று அவனைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிப்போனார்.

பின்பக்கம் கோழிக்கூண்டு. அதற்கப்பால் செம்பனை மரங்கள்.

"தம்பி, இன்னிக்கு என் குரல் வருமா?"

"ரெண்டு பாட்டுக்கு அப்புறம் வரும் அங்கிள்."

"அலமாக், மாட்டிக்கிட்டேனே" என்று சதாசிவம் கூண்டைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு கொட்டித் தீர்த்துவிட்டார். சனிக்கிழமைகளில் அவருக்கும் கோயிலுக்கும் சம்பந்தமே இல்லை. ஊருக்கு வெளியே தூண்டில் போடுகிற குளம் ஒன்று இருக்கிறது. அங்கே உட்கார்ந்து பிடிப்பதும், பிடித்ததைக் கரையிலேயே பொரித்துத் தின்பதும்தான் அவருடைய எள் விளக்கு. வியாழக்கிழமை காளியம்மா கடைக்குப் போகிற நேரமாகப் பார்த்து, பூசையறை மணியைத் தூக்கிக்கொண்டு இதே கூண்டுக்குப் பக்கத்தில் நின்று ரேடியோவுக்குப் பேசுவார். சந்தேகம் வராமல் இருக்க நடுநடுவே மணியை ஆட்டுவார். சனிக்கிழமை வீட்டிலேயே இருக்க நேரும் என்று அவர் கண்டாரா?

"நான் கிளம்பி காதர் பீவியோட கோழிச் சோத்துக் கடையத் தாண்டற வரைக்கும் நம்ம வீட்டு ரேடியோ சத்தம் கேக்கும் தம்பி. பாவம், நமக்காகப் பட்டினி கிடந்து கேக்கிறாளேன்னு மனசு அடிச்சுக்கும். ஆனா மீன் கடிக்குதே, என்ன பண்ண?"

"உங்க பேச்ச எடுத்துட்டா, லோஷினிய..."

"எடுத்துடுங்க. பொண்ணு உங்களுக்குத்தான். நீங்கதான் அசல் ரூபன்னு நானே சத்தியம் பண்றேன்."

ரூபேந்திரன் கைப்பேசியை எடுத்தான். எங்கிருந்தாலும் செல்வாவுக்குக் கட்டளை போட அதில் வசதி உண்டு. ஆனால் லைன்தான் சரியாக இல்லை. ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் ஏறிக் கையை உயர்த்தினான். சதாசிவம் அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். வரிசையில் 'லாபிஸ் சதா' இருந்தது. அழித்தான். அவசரத்தில் அதற்கு முன்னால் இருந்த இரண்டு பாட்டுகளும் சேர்ந்து போய்விட்டன.

செல்வாவுக்கு மௌனம் ஆகாது. குறித்த நேரத்தில் ஒலிபரப்ப ஒன்றும் இல்லையென்றால், ஆபத்துக்கு உதவ என்று ஒதுக்கி வைத்திருப்பதிலிருந்து எதையாவது எடுத்துப் போட்டுவிடும். அதில் கிடந்தது முதலாளி ஹேமநாதனின் தீபாவளி வாழ்த்து, பட்டாசுச் சத்தத்தோடு. இப்போது நடப்பது பங்குனி மாதம்.

"ஏங்க, ரேடியோக்காரங்களுக்கு என்ன பைத்தியமா?" என்று காளியம்மாவின் குரல் கேட்டது.

பதறிப்போய் ஒரு விளம்பரத்தை எடுத்துச் செருகினான். திரை அசையவில்லை. மறுபடி அழுத்தினான், அப்போதும் அசையவில்லை, கோபத்தில் அழுத்திக்கொண்டே இருந்தான். லைன் திடீரென்று வந்தபோது அத்தனை அழுத்தலும் ஒன்றாகப் போய்ச் சேர்ந்தன. கூந்தல் தைலம் ஒன்றைப் பற்றி ஒரு பெண் பாட ஆரம்பித்தாள். முடிந்ததும் மறுபடி ஆரம்பித்தாள். நாலாவது தடவை பாடும்போது வீட்டுக்குள் அத்தையும் சேர்ந்து முணுமுணுப்பது கேட்டது.

பழையபடியே ஆக்கிவிடுங்கள் என்று சதாசிவம் கெஞ்சினார். ரூபேந்திரன் 'முன்பிருந்தபடி' என்ற பொத்தானை அழுத்தினான், விடாமல் அழுத்தினான். செல்வா விசுவாசமான ஊழியன். போனதையெல்லாம் தேடிக் கொண்டுவந்து வரிசையின் தலையில் வைத்தது. திரையில் லாபிஸ் சதா, அதற்குக் கீழே லாபிஸ் சதா, அதற்கும் கீழே இன்னொரு லாபிஸ் சதா.

"அங்கிள், போனைக் காதுல வைங்க" என்று ரூபேந்திரன் வாளியிலிருந்து குதித்தான். "இங்கேர்ந்தே இப்போ பேசுற மாதிரி நடிங்க. உள்ள வராதீங்க."

ஆபத்துக் காலத்தில் வந்த யோசனை அது. சதாசிவம் போனைக் காதில் வைப்பதற்கும் ரேடியோ முழங்குவதற்கும் சரியாக இருந்தது.

"வணக்கம் ரூபன் தம்பி. நான் சதா பேசுறேன். இப்போ கோயில்லதான் நிக்கிறேன். எள் விளக்கு ஏத்தியாச்சு. மனசு குளுகுளுன்னு இருக்கு."

மணி அடித்தது. பின்னாலேயே ஒரு சேவல் கூவியது.

காளியம்மா சமையலறை ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். புருஷன் கோழிக்கூண்டு ஓரமாக, கண்ணை மூடி, போனில் வாயசைத்துக்கொண்டிருந்தார். ஒரு நொடி அவளும் நம்பித்தான் விட்டாள்.

"கோயில்லன்னு சொல்றீங்க, கூண்டுகிட்ட நிக்கிறீங்க?"

"மனசால அங்கதான்டி நிக்கிறேன்" என்றார் சதாசிவம். அவர் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ரேடியோவில் அவர் குரல் நிற்காமல் சனி பகவானின் பெருமையைப் பேசிக்கொண்டிருந்தது.

தப்பித்தோம் பிழைத்தோம் என்று இருவரும் கூடத்துக்கு ஓடினார்கள். சதாசிவம் சோபாவில் உட்கார்ந்து, ஒன்றும் நடக்காதது போல ஒரு முறுக்கை வாயில் போட்டுக்கொண்டார். "வணக்கம் ரூபன் தம்பி. நான் சதா பேசுறேன்" என்றது ரேடியோ. அவர் வாயை இறுக மூடிக்கொண்டார். மணி அடித்தது. ரேடியோவில் சேவல் கூவியது, அதன் குரலைக் கேட்டுக் கூண்டிலிருந்த சேவலும் அதே ராகத்தில் பதில் கூவியது.

காளியம்மா மெதுவாகத் திரும்பினாள்.

"நம்ம சேவல் எப்பங்க கோயிலுக்குப் போச்சு?"

மூன்றாவது லாபிஸ் சதா பேசி முடிப்பதற்குள் குளம், தூண்டில், பொரித்த மீன், வியாழக்கிழமைப் பதிவு, ரூபேந்திரனின் சனிக்கிழமைத் தூக்கம் எல்லாம் வெளியே வந்துவிட்டன. காளியம்மா ஆடிய ஆட்டத்தை என்னவென்று சொல்வது? ஏழரைச் சனி நடக்கும்போது, சனிக்கிழமையில், மீனா என்று கேட்டாள். மீன் சின்னதுதான் என்று சதாசிவம் சொல்லிப் பார்த்தார், எடுபடவில்லை.

பிறகு அவள் ரூபேந்திரன் பக்கம் திரும்பினாள்.

"வாராவாரம் இந்த மனுஷன் பொய் சொல்லறதுக்கு மைக் பிடிச்சது நீங்கதானே தம்பி? படுக்கையில கெடந்துகிட்டு ஜோகூர் பூரா கேக்க நேரடின்னு சொல்ற ஆளுக்கு எம்பொண்ணக் குடுக்க மாட்டேன்."

லோஷினி சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தவளின் முகம் அந்தக் கடைசி வார்த்தையில் வாடிவிட்டது. அதைப் பார்த்ததும் ரூபேந்திரனுக்கு நெஞ்சு கரைந்துபோயிற்று. தப்புதான் ஆன்ட்டி என்று எழுந்து நின்று ஒப்புக்கொண்டான். இனிமேல் சனிக்கிழமை தானே நிலையத்துக்குப் போய் உட்காருவதாகச் சத்தியம் செய்தான்.

காளியம்மா அசையவில்லை. "சொன்ன எடத்துல உட்காந்திருக்கிறதுன்னா என்னன்னு என்னையப் பார்த்துக் கத்துக்குங்க, ரெண்டு பேரும். எத்தனை சனிக்கிழமை. பச்சைத் தண்ணி பல்லுல படாம இந்த நாற்காலியிலயே உட்காந்து கேட்டிருக்கேன். ஒரு நாள் நகர்ந்திருப்பேனா?"

சதாசிவம் தலையைத் தொங்கப்போட்டார். பிரேமலா அத்தை பெருமூச்சோடு கைப்பையை எடுத்தாள். ரூபேந்திரன் கடைசியாக ஒரு தடவை லோஷினியைப் பார்த்தான். வரிசையில் தடங்கல் நீங்கிய செல்வா, அவன் குரலிலேயே, "தொடர்ந்து நேரடியாக உங்களோடு" என்று குதூகலமாக அறிவித்தது.

அப்போது கேட்டைத் திறந்துகொண்டு கடைக்காரக் காதர் பீவி மூச்சிரைக்க வந்தாள். கையில் ஒரு பொட்டலம். கூடத்தில் யார் இருக்கிறார்கள் என்றுகூட அவள் பார்க்கவில்லை. காளியம்மாவைக் கண்டதும் நேராக அவளிடம் போனாள்.

"ரேடியோ அலற ஆரம்பிச்சதுமே, சரி, வழக்கம்போல நீ வீட்டவிட்டுக் கிளம்பிட்டேன்னு கோழிச் சோத்துல கால் துண்டா பார்த்து எடுத்து வச்சுட்டுக் காத்துக்கிட்டிருக்கேன், சனிக்கிழமையும் அதுவுமா இன்னிக்கு என்ன அதிசயமா வீட்ல இருக்க, காளியம்மா?"